கேலும் மேகாத்தும்

வா கண்ணு, இப்பிடித் திண்ணைல உக்காரு. மொகம் ஏன் வேப்பெண்ண குடிச்சாப்பல இருக்குது? ஓ, சீமைக்குப் போற இங்கிலீசுப் பரீட்சையா? திருச்செங்கோட்டுல கோச்சிங்கு, மாசத்துக்கு ஒரு கெடாரி வெலை பீசு. கட்டு சாமி, கட்டு. உன்ற அப்பன் லாரிச் சக்கரம் தேயத் தேயச் சம்பாரிச்ச காசு, காத்தாப் போகாம இருந்தாச் சரி.

அதுல ஒரு சொல்லு தொண்டைல முள்ளாட்டம் நிக்குதுங்கற. ‘கேல்’. பலத்த காத்துன்னு அர்த்தமாமா. அவ்வளவுதானா? இதுக்கா நாலு நாளா சோத்தத் தள்ளிவெச்சுட்டுக் குப்புறப் படுத்திருக்கற?

எனக்கு அந்தச் சொல்லக் கேட்டதும் காத்தே ஞாபகத்துக்கு வரல. கொழாதான் வந்துச்சு. 2013ல நம்ம பக்கத்துல ‘கெயில்’னு வாயெடுத்தாப் போதும், காடு வெச்சிருந்தவனுக்கெல்லாம் வவுறு கலங்கும். கொச்சில இருந்து பெங்களூருக்கு அந்தக் கம்பெனி பதிக்க வந்த எரிவாயுக் கொழா. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரின்னு தமிழ்நாட்டுல ஏழு மாவட்டம், 310 கிலோமீட்டர். வெளையற காட்டுல பதிக்காதீங்க, ரோட்டோரமாப் பதிங்கன்னு குடியானவங்க நின்னாங்க. மாநில அரசும் அதையே சொல்லுச்சு. வழக்கு டில்லி வரைக்கும் போயி, 2016 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட்டு கொழாக்காரங்க பக்கம் தீர்ப்புச் சொல்லுச்சு. அதே 2013ல என்ற பேரனக் கேட்டா, கெயிலுங்கறது வேற ஆளு. பெங்களூருல 66 பந்துல 175 ஓட்டம் அடிச்ச கிறிஸ் கெயிலு. தாத்தனுக்குக் கொழா, பேரனுக்கு சிக்சரு, இப்ப உனக்குக் காத்து. எழுத்துக் கூட்டறது மூணுக்கும் வேற வேறயாமா. காதுக்கு எழுத்துக் கூட்டத் தெரியுமா கண்ணு?

சரி, காத்துக்கே வருவோம். 1805ல பியூஃபோர்ட்னு இங்கிலீசுக் கப்பப்படைல இருந்த ஒருத்தரு காத்துக்கு ஒரு ஏணி கட்டுனாரு. பூஜ்யத்துல இருந்து 12 வரைக்கும் படி. உன்ற கேலு எட்டாவது படி. இன்னைக்குக் கணக்குல மணிக்கு 62ல இருந்து 74 கிலோமீட்டர். ஆனா அந்த மனுசன் கிலோமீட்டரப் பத்தி மூச்சே உடல. இந்தக் காத்துக்குக் கப்பல்ல எத்தன பாய் விரிக்கலாம், எதையெதைச் சுருட்டோணும்னு பாத்துத்தான் படி போட்டாரு. அதான் வேலை செய்யறவன் புத்தி. நூறு வருசம் கழிச்சு, 1906ல, சிம்ப்சன்னு இன்னொருத்தரு அதையே தரைக்கு மாத்துனாரு. பொகை நேரா மேல போனா பூஜ்யம். எலை சலசலத்தா ரெண்டு. கொடை புடிக்கத் தெணறுனா ஆறு. சிம்புக முறிஞ்சு உழுந்து, எதுக்க நடக்க முடியாமப் போனா எட்டு. அட, இத உங்க ஆத்தாவே சொல்லுவாளே! அடுப்புப் பொகையப் பாத்துத்தானே அவ வடகம் காயப்போடலாமா வேண்டாமான்னு சொல்றா? அவளுக்கு எந்தக் கோச்சிங்குல பீசு கட்டுனோம்?

இன்னொரு கூத்தக் கேளு. அந்த ஏணில ரெண்டுல இருந்து ஆறு வரைக்கும் பேரு ‘ப்ரீஸ்’. கொடையப் புடுங்கற காத்தும் அவங்களுக்கு ப்ரீஸ்தான். நீ கட்டுரைல, பொண்ணு கூந்தல் மெதுவா ஆடுச்சு, ப்ரீசு வீசுச்சுன்னு எழுதற. தாளு திருத்தறவன் படிச்சுப்போட்டு, கூந்தலோட சேத்துப் பொண்ணையும் காத்து தூக்கிட்டுப் போச்சோன்னு நெனைக்கப் போறான்.

அதுக்காக இங்கிலீசுக்காரங்க எல்லாத்துலயும் கறாருன்னு நெனச்சிராத. அந்தக் காலத்துக் கவிஞருங்க மெல்லிசா, சொகமா வீசற காத்துக்கும் கேலுன்னே எழுதிவெச்சிருக்கறாங்க. பொயலுக்கும் அதே சொல்லு, தென்றலுக்கும் அதே சொல்லு. வயித்தப் புடிச்சுட்டு நாலுபேரு சிரிச்சா அதுவும் கேலாமா. நம்ம ஊருல சிரிப்புக்கு அலை, வடிவேலுக்குத்தான் பொயலு, வைகைப்பொயலு! அயர்லாந்துப் பக்கம் குத்தகைப் பணத்துத் தவணைக்குங்கூட கேலுன்னு பேரு. அது மட்டும் பொருத்தமாத்தான் இருக்குது. குத்தகை கட்டற நாளு வந்தா எந்த ஊருக் குடியானவன் ஊட்டுலதான் பொயலடிக்கல? ‘நைட்டிங்கேல்’னு பாத்துட்டு ராத்திரிக் காத்துன்னு எழுதிவெச்சிராத சாமி. அதுல இருக்கற கேலு பழைய இங்கிலீசுல பாடறது. அது குருவி. இந்தக் காத்துக் கேலு எங்கிருந்து வந்துச்சுன்னு அகராதிக்காரங்களுக்கே உறுதியாத் தெரியல. நீ ஏன் பொழுதன்னைக்கும் தலைய ஒடைச்சுக்கற?

நம்ம ஆளுங்க காத்துக்கு எப்பிடிப் பேரு வெச்சாங்க? எவ்வளவு வெசயா வந்துதுன்னா கேட்டாங்க? எங்கிருந்து வந்துதுன்னு கேட்டாங்க. தெக்க இருந்து வந்தா தென்றல், வடக்க இருந்து வந்தா வாடை, கெழக்க கொண்டல், மேக்க கோடை. நாம அதையே மேகாத்துங்கறோம். வெவசாயத்துக்கு அதானே வேணும்? களத்துல எந்தப் பக்கம் நின்னு தூத்தறது? கோழிச் சாளைக்கு எந்தப் பக்கம் படுதா கட்டறது? வேகத்த மட்டும் தெரிஞ்சுக்கிட்டு நீ எந்தப் பக்கம் திரும்பி நிப்ப?

படிச்சவங்களையெல்லாம் கொறை சொல்றேன்னு நெனைக்காத. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரில வானிலை அறிக்கை போடறாங்க பாரு, அது அறிக்கை. காத்து எந்தத் திசைல இருந்து வருது, மணிக்கு எத்தன கிலோமீட்டரு, அதுக்குக் கோழிப்பண்ணைக்காரன் என்ன பண்ணோணும், மூணையும் சொல்லிப்போடறாங்க. ஒண்ணு கொறைஞ்சாலும் அது வெத்துக் காத்துதான்.

பேரு வெக்கற கதையும் உனக்குத் தெரிஞ்சிருக்கோணும். கடல்ல காத்து மணிக்கு 61ல சுத்துனா அது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், பேரில்லாத புள்ள. 62 தொட்டாப் போதும், பொயலு. ஒடனே பேரு சூட்டு விழா. உன்ற கேலு ஆரம்பிக்கற அதே கணக்கு. 13 நாட்டுக்காரங்க ஆளுக்கு 13 பேரு குடுத்து 169 பேரு எழுதிவெச்சிருக்கறாங்க. 2024 நவம்பர்ல அப்பிடித்தான் ஒண்ணு வந்துச்சு. ஃபெங்கலா, ஃபெஞ்சலான்னு டீவில பட்டிமன்றமே நடந்துச்சு. பாண்டிச்சேரிப் பக்கத்துல கரையேறுச்சு. அப்பறம் என்ன ஆச்சு? கடலே பாக்காத ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழ கொட்டிப்போடுச்சு. ஏற்காட்டுலயும் ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு. வூட்டுக்குள்ள தண்ணி பூந்தவன்கிட்டப் போயி, அண்ணா, அது ‘ங்க’வா ‘ஞ்ச’வான்னு கேட்டுப் பாக்கறதுதானே?

இப்பிடிச் சொல்ல நோண்டறவங்க எங்களோட சொலவடையையும் உட்டுவெக்கல. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொன்னா, அது அம்மியில்ல, அம்மை, அம்மை நோய் பறக்கும்கறதுதான் மருவிப்போச்சுன்னு ஒருத்தன் வெளக்கம் குடுக்கறான். எதையுமே சித்தக் கூட்டித்தான் சொல்றதுன்னு அவனுக்கு எவனும் சொல்லிக் குடுக்கல போல.

இப்ப உன்ற காதக் குடு, ஒரு ரகசியம் சொல்றேன். மோகனூரு, பரமத்தி வேலூருப் பக்கம் தாரு தள்ளுன வாழையச் சாச்சுப்போடற காத்து இருக்குதே, அது உன்ற கேலு இல்ல. கேலுங்கறது நின்னு நெதானமா வீசிட்டே இருக்கறது, கடக்கரைச் சரக்கு. நம்மூருக்கு வாரது ‘ஸ்குவால்’. சித்திரை வைகாசில பொழுதோட, மழைக்கு முன்னால, திடீர்னு எந்திரிக்கும். கொஞ்ச நேரம் பேயாட்டம் ஆடும். அடங்கிரும். அதுக்குள்ள ஒரு வருசப் பாடு தரைல படுத்துக்கும். வானிலைக்காரங்க தமிழ்ல அதத்தான் சூறாவளிக்காற்றுன்னு எழுதறாங்க. நீ அதப் படிச்சுட்டு, நாமக்கல்லுக்குப் பொயலு வருதுன்னு சொந்தக்காரனுக்கெல்லாம் போன் போடற. அதுக்கும் சின்னது, சில விநாடி குத்திட்டுப் போறது, ‘கஸ்ட்’. பரீட்சைல இந்த மூணையும் மாத்தி எழுதிராம இருந்தாச் சரி.

அந்த ஸ்குவாலு எப்பிடி வருதுன்னு தெரியுமா? மழ மேகத்துக்குள்ள குளுந்த காத்து கனத்துப்போயி, பொத்துனு கீழ எறங்கித் தரைல மோதி நாலாபக்கமும் செதறுது. அதனாலதான் மழைக்கு முன்னாடி மூஞ்சில சில்லுனு அடிக்கறது. அந்தச் சில்லுப்பு பட்டதும், பொடக்காணில காயற துணிய எடுக்க உங்க ஆத்தா ஓடறா. நீ செல்போன எடுத்துப் படம் புடிக்க மொட்டைமாடிக்கு ஓடற. ரெண்டு பேத்துல ஆரு படிச்சவங்க, சொல்லு?

நம்ம நாமக்கல் ஆஞ்சநேயரு ஒருத்தருக்குத்தான் இந்தக் கவலையெல்லாம் இல்ல. 18 அடி ஒசரம், தலைக்கு மேல கூரையே இல்லாமக் கோட்டைக்குக் கீழ நிக்கறாரு. காத்தோட மகன், அவருக்குக் காத்து பயமா? நம்ம வாழை அவரு சாதியில்லியே.

பேச்சு போதும். மேக்க கறுத்துட்டு வாரதப் பாத்தியா? புளியமரத்துல ஒரு எலை அசையல, இன்னுஞ் சித்த நேரந்தான். நோட்ட உள்ள வெச்சுட்டு அந்தச் சவுக்குக் கம்புகள எடுத்துட்டு வா. கெழக்கால வரிசைல பன்னெண்டு வாழைக்கு இன்னும் முட்டுக் குடுக்கல. கயித்தோட அந்தத் தலைப்ப நீ புடி.