கதவு சாத்தினால்தான் சம்பளம்

அமெரிக்க விமானத்தில் ஏறும்போது வாசலில் ஒரு பெண் நின்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குக் காலங்காலமாகச் சம்பளம் இருந்ததில்லை. மேலே பெட்டி வைக்க இடமில்லை என்று கத்துகிறவரைச் சமாதானம் செய்வது, சக்கர நாற்காலியில் வந்த பாட்டியைக் கைத்தாங்கலாக உட்கார வைப்பது, அவசரக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் நிதானத்தில்தான் இருக்கிறாரா என்று நோட்டம் விடுவது எல்லாம் தர்ம காரியம். கதவு சாத்தி விமானம் பின்னால் நகர்ந்த பிறகுதான் அவளுக்கு மீட்டர் ஓடியது. நம்மூர் ஆட்டோக்காரரிடம் இந்த ஏற்பாட்டைச் சொல்லிப் பாருங்கள். வெயிட்டிங் சார்ஜ் என்று உலகத்தில் ஒன்று இருப்பதை அந்த முதலாளிகளுக்கு அவரே போய் வகுப்பெடுத்துவிட்டு வருவார்.

2022 ஜூனில் டெல்டா கம்பெனி மனம் இளகி, பயணிகள் ஏறும் நேரத்துக்கும் சம்பளம் தர ஆரம்பித்தது. முழுசாக இல்லை, பாதி. வாசலில் நிற்கும்போது அவள் பாதி ஆள்தான் போலிருக்கிறது. டெல்டாவின் பணிப்பெண்களுக்குச் சங்கம் கிடையாது. ஒன்று கட்டும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. பயம் வந்தால் முதலாளி நெஞ்சிலும் ஈரம் சுரக்கும். இதே கம்பெனிதான் 2019இல் தன் ஊழியர்களுக்குச் சுவரொட்டி அச்சடித்து அறிவுரை சொன்னது: சங்கச் சந்தா வருஷத்துக்குச் சுமார் 700 டாலர் ஆகிறது, அந்தக் காசில் வீடியோ கேம் வாங்கி விளையாடுங்களேன் என்று. பிள்ளைக்குக் கிலுகிலுப்பையை ஆட்டிக்காட்டிவிட்டுக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றுகிறவன்கூட இவ்வளவு வெளிப்படையாகச் செய்யமாட்டான்.

அங்கே விமானப் பணியாளர்களுக்கென்று இருக்கும் பெரிய சங்கம் ஏ.எஃப்.ஏ. தலைவர் சாரா நெல்சன், அவரும் பணிப்பெண்தான். சங்கத்தின் உழைப்பில் கணிசமானது காங்கிரஸின் வாசல்படியில் கழிகிறது. (அவர்கள் நாடாளுமன்றத்துக்கு அதுதான் பெயர். நம்மூர்க் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். காத்திருக்க வைப்பதில் மட்டும் ஒற்றுமை இருக்கலாம்.) லாபி செய்கிறார்கள் என்றதும் நமக்குப் பெட்டி கைமாறும் காட்சிதான் ஞாபகத்துக்கு வரும். பெட்டி கொண்டுபோகிறவர்கள் வேறே வாசலில் போவார்கள். இவர்கள் கையில் இருந்தது மனு.

அந்த மனுவில் வைரக் கம்மலா கேட்டார்கள்? தூக்கம் கேட்டார்கள். 1994ஆம் வருஷத்து விதிப்படி, 14 மணி நேரம் வரை வேலை பார்த்த பணிப்பெண்ணுக்கு 9 மணி நேர ஓய்வு. வசதிப்பட்டால் கம்பெனி அதை 8 ஆகக் குறைத்துக்கொள்ள முடிந்தது. ஓய்வென்றால் தூக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். வேலை முடிந்த நிமிஷத்திலிருந்து கடிகாரம் ஓடும். ஓட்டல் வேனுக்காக நடைபாதையில் நிற்பது ஓய்வு. அந்த வேன் ஊரைச் சுற்றிக்கொண்டு போவதும் ஓய்வு. நள்ளிரவில் ஓட்டல் சமையலறை மூடியிருக்க, பையைத் துழாவிக் காலையில் மிச்சம் வைத்த பிஸ்கட்டைத் தின்பது ஓய்வு. முகப்பூச்சைக் கழுவுவது, யூனிஃபாரத்தை இஸ்திரி போடுவது, விடியும் முன் எழுந்து மறுபடி முகம் பூசி வேன் பிடிப்பது எல்லாம் சட்டப்படி ஓய்வு. நடுவில் மிஞ்சிய நாலைந்து மணி நேரத்தில் கண்ணை மூடிக்கொள்ளலாம். எழுந்ததும் விமானம் தீப்பிடித்தால் எல்லோரையும் 90 விநாடியில் வெளியேற்றலாம். விமானத்துக்குச் சான்றிதழ் தருவதற்கு அரசாங்கம் வைத்திருக்கும் கணக்கு அந்த 90 விநாடி.

அதே வேனில், பக்கத்து சீட்டில் கொட்டாவி விட்டுக்கொண்டு வரும் விமானிக்கு 2014 முதல் 10 மணி நேர ஓய்வு. அதுவும் யாரும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்ததில்லை. 2009இல் பஃபலோ ஊருக்குப் பக்கத்தில் கோல்கன் ஏர் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து 50 பேர் செத்த பிறகு வந்தது. பணிப்பெண்களுக்கு அப்படிக் கைவசம் காட்டப் பிணங்கள் இல்லை. எல்லோரையும் ஒழுங்காகக் காப்பாற்றித் தொலைக்கிறார்கள், பாவம்.

கடைசியில் 2018 அக்டோபர் 5 அன்று சட்டம் கையெழுத்தானது. பத்து மணி நேரம், குறைக்கக் கூடாது, 30 நாளில் விதியைத் திருத்து என்று கட்டளை. எஃப்.ஏ.ஏ. என்ற விமானப் போக்குவரத்து நிர்வாகம் 30 நாளை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டது. 2019 செப்டம்பரில் ஒருமுறை புரண்டு படுத்து, இதற்கு என்ன செலவாகும், உங்கள் மேலான கருத்து என்ன என்று ஊரைக் கேட்டது. சட்டம் போட்டது நாடாளுமன்றம். கருத்துக் கேட்பது குமாஸ்தா. பிறகு ஒரு வாய்தா. 2021இல் முன்மொழிவு. இன்னொரு வாய்தா. 2022 அக்டோபரில் இறுதி விதி. ஒன்பது இருந்த இடத்தில் பத்து என்று எழுத நான்கு வருஷம்! பள்ளிக்கூடத்துப் பையன் ரப்பர் கொண்டு அழித்து எழுதியிருந்தால் அரை நிமிஷம். இந்த நான்கு வருஷமும் அந்த அதிகாரிகளில் யாராவது எட்டு மணி நேர ஓய்வோடு மறுநாள் ஆபீஸுக்கு வந்தார்களா என்று ஒரு கருத்துக் கேட்பு நடத்தலாம்.

அரசாங்கம் என்றாலே மெதுவாகத்தான் நகரும் என்கிறவர்கள் கொஞ்சம் வடக்கே கனடாவைப் பாருங்கள். 2025 ஆகஸ்ட் 16 விடிவதற்கு முன்னால், ஏர் கனடாவின் 10,000க்கு மேற்பட்ட பணியாளர்கள், தரையில் செய்யும் வேலைக்கும் கூலி கொடு என்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தொழிலாளர் சட்டத்தின் 107ஆவது பிரிவைத் தூக்கிக்கொண்டு அமைச்சர் ஓடிவந்து, வேலைக்குத் திரும்ப வழி செய்தார். பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. தூங்க விடுவதற்கு நான்கு வருஷம், எழுப்பி வேலைக்கு விரட்ட அரை நாள். அரசாங்கத்துக்கு வாதம் என்று யார் சொன்னது? ஒரு கால்தான் வராது. இன்னொரு காலால் உதைக்க நன்றாகவே வரும். அந்த ஊர்ச் சங்கத் தலைவர் அந்த உத்தரவைக் கூட்டத்துக்கு முன்னால் கிழித்துப் போட்டார். வேலைநிறுத்தம் தொடங்கி மூன்றே நாளில் தரைக்கூலி ஒப்பந்தத்தில் ஏறியது. அதுவும் ஆரம்பத்தில் பாதிதான். பாதி என்ற எண்ணின் மேல் இந்தத் தொழிலுக்கு என்ன காதலோ.

பழைய கணக்கெல்லாம் எடுத்தால் விடிந்துவிடும். 1950களிலிருந்து 32 வயதானால் அழகு காலாவதி என்று வீட்டுக்கு அனுப்பிய கம்பெனி உண்டு. கல்யாணம் ஆனால் வேலை போகும், எடை ஏறினாலும் போகும். ஒரே மூடிய குழாய்க்குள், இத்தனாவது வரிசையைத் தாண்டி வராதே என்று புகைக்கு எல்லை வகுத்த மேதைகளும் உண்டு. குறுகிய பயணங்களில் புகைக்குத் தடை 1988இல் வந்தது, அமெரிக்காவுக்கு வந்துபோகும் எல்லா விமானங்களுக்கும் 2000இல். தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் விமானத்துக்குள் நுழையக் கூடாது, அது எங்கள் ராஜ்ஜியம் என்று எஃப்.ஏ.ஏ. 1975இல் வேலி போட்டது. 2013இல்தான் வேலியில் ஒரு பொத்தல் விழுந்து, இரைச்சல், ரத்தத்தால் பரவும் கிருமி, ரசாயன ஆபத்து என்று மூன்று விஷயம் மட்டும் உள்ளே வந்தது. சோடா ஃபாக்டரியில் வழுக்கி விழுந்தால் சட்டம், அந்தச் சோடாவை வானத்தில் ஊற்றிக் கொடுக்கும்போது விழுந்தால் தலைவிதி.

ஆனால் என்னால் தாண்டிப் போக முடியாத ஒன்று இருக்கிறது. 1989 ஜூலை 19. அயோவாவில் சூ சிட்டி. யுனைடெட் 232 விமானம் கட்டுப்பாடு இழந்து இறங்கப் போகிறது. கையேட்டில் இருந்தபடி, மடிக் குழந்தைகளைத் தரையில் படுக்க வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று தலைமைப் பணிப்பெண் தாய்மார்களுக்குச் சொன்னார். மோதுகிற வேகத்தில் எந்தத் தாயின் கைக்கும் அந்தப் பலம் கிடையாது. எரியும் விமானத்துக்கு வெளியே, மறுபடி உள்ளே ஓடப் பார்த்த ஒரு தாயை அதே பணிப்பெண் தடுத்தார். நீங்கள் சொன்னபடிதானே தரையில் வைத்தேன், பிள்ளையைக் காணோமே என்றாள் அவள். இரண்டு வயது நிரம்பாத பையன். அதற்குப் பிறகு அந்தப் பணிப்பெண் வருஷக்கணக்கில் ஒரே ஒரு சட்டத்துக்காக வாஷிங்டன் படி ஏறினார்: குழந்தைக்கும் ஒரு இருக்கை, ஒரு பெல்ட். விபத்து விசாரணை வாரியமும் 1990இலேயே அதைத்தான் சொன்னது. சங்கமும் கேட்டது.

எஃப்.ஏ.ஏ. கணக்குப் போட்டுப் பதில் சொன்னது. குழந்தைக்கு டிக்கெட் வாங்கச் சொன்னால் பெற்றோர் செலவுக்கு அஞ்சிக் காரில் போவார்கள், சாலையில் அதைவிட அதிகக் குழந்தைகள் சாகும். எவ்வளவு கருணை! அந்த இருக்கைக்குக் காசு வாங்காதே என்று கம்பெனிக்காரனிடம் சொல்கிற தைரியம் மட்டும் அந்தக் கருணைக்குள் இல்லை.

கதவு சாத்தியாயிற்று. அவள் நடைபாதையில் பார்த்துக்கொண்டே வருகிறாள். பை சீட்டுக்கு அடியில் இருக்கிறது. லேப்டாப் உள்ளே போயிற்று. சாப்பாட்டுப் பலகை மடக்கியாயிற்று. அடுப்படியில் உணவுத் தள்ளுவண்டிக்குத் தாழ்ப்பாள் விழுந்தாயிற்று. அது திறந்திருந்தால் விமானம் நகரக்கூடாது, சட்டம். பன்னிரண்டாம் வரிசையில் எட்டு மாசக் குழந்தை ஒன்று அம்மா மடியில் கைகொட்டிச் சிரிக்கிறது. பதிலுக்குச் சிரித்துவிட்டு அவள் முன்னால் போய்த் தன் மடக்கு சீட்டில் உட்கார்ந்து, தோளுக்கும் இடுப்புக்கும் பெல்ட்டை இறுக்கிக்கொள்கிறாள். இந்தச் சிரிப்புக்குச் சம்பளம் உண்டு.