மானியம் வாங்கித் தரப் போற மருமகனுக்கு

மருமகனே, அமெரிக்காவுல ஸ்கேன் சென்டர் நடத்துற டாக்டருங்களுக்கு அரசாங்கத்துக் காசை வாங்கிக் கொடுத்து, தண்டம் வராம காப்பாத்துற கம்பெனி ஆரம்பிக்கப் போறியாமே. கேட்டதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. எங்க காலத்துல டாக்டர் நமக்கு ஊசி போட்டுக் காசு வாங்குவார். நீ டாக்டருக்கே ஊசி போட்டுக் காசு வாங்கப் போறே. பலே!

நீ அனுப்பின காகிதத்தை ஒண்ணு விடாமப் படிச்சேன். பால் சங்கத்துல மானியப் பேரேடு எழுதித் தேய்ஞ்ச கை இது. டாலரா இருந்தா என்ன, ரூபாயா இருந்தா என்ன, மானியத்தோட குணம் ஒண்ணுதான். ரெண்டு வார்த்தை சொல்றேன். பிடிச்சா எடுத்துக்கோ, இல்லாட்டி மாமனுக்கு வயசாயிப் போச்சுன்னு விட்டுடு.

கூத்து தொடங்கினது 2009 பிப்ரவரியில. படுத்துக் கிடந்த பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த ஒபாமா கையெழுத்துப் போட்டாரே ஒரு பெரிய சட்டம், அதுக்குள்ள ‘ஹைடெக்’னு ஒரு குட்டிச் சட்டம். ‘டாக்டர்மாரே, நோட்டை மூடுங்க, நோயாளி விவரத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்துங்க, காசு தர்றோம்’கிறதுதான் அதோட சாரம். வயசானவங்களுக்கான அரசாங்கக் காப்பீடான மெடிகேர் வழியா வந்தா ஒரு டாக்டருக்கு 5 வருஷத்துல 44,000 டாலர் வரைக்கும். ஏழைபாழைங்களை நிறையப் பாக்குறவர் அவங்களுக்கான மெடிகெய்ட் வழியா வந்தா 6 வருஷத்துல 63,750 வரைக்கும். மெடிகேர்ல 2011லயோ 2012லயோ சேந்தவருக்கு முதல் வருஷம் 18,000, அப்புறம் 12,000, 8,000, 4,000, கடைசியா 2,000. ஆசை காட்டி இழுத்துட்டுக் கையைச் சுருக்கிக்கிட்டான் பாத்தியா? அப்படியும் வராதவங்களுக்கு 2015ல இருந்து மெடிகேர் தர்ற கூலியில பிடித்தம்: முதல்ல 1 சதவீதம், மறுவருஷம் 2, அதுக்கு மறுவருஷம் 3.

இதுக்குள்ள படம் பாக்குற டாக்டர் எப்படி வந்து மாட்டினார்னு கேளு. ஆஸ்பத்திரியிலேயே பெரும்பாலும் வேலை பாக்குற டாக்டருக்கு இந்தத் திட்டம் கிடையாதுன்னுதான் முதல்ல எழுதினாங்க. நிறைய ரேடியாலஜிஸ்டுங்க அதோட கழண்டுக்கிட்டாங்க. 2010 ஏப்ரல்ல ஒரு திருத்தம் வந்துச்சு. உள்நோயாளி வார்டுலயும் எமர்ஜென்சியிலயும் சேத்து 90 சதவீதம் வேலை பாக்குறவர்தான் ஆஸ்பத்திரி ஆளு, மத்தவங்க எல்லாரும் உள்ளே வாங்கன்னுட்டாங்க. வெளிநோயாளி ஸ்கேனைப் படிச்சுக்கிட்டுச் சிவனேன்னு இருந்தவரெல்லாம் மானியத்துக்குத் தகுதியாயிட்டார். கையோட பிடித்தத்துக்கும் தகுதியாயிட்டார்.

சரி, அவர்கிட்ட என்ன கேட்டாங்க? கட்டாயக் கேள்வி 15, இன்னொரு 10ல இஷ்டப்பட்ட 5. உயரம், எடை, ரத்த அழுத்தம் எழுதினியா? 13 வயசு ஆனவன் எல்லாம் சிகரெட் குடிக்கிறானான்னு விசாரிச்சியா? மருந்துச் சீட்டைக் கம்ப்யூட்டர்லயே கடைக்கு அனுப்பினியா? இதையெல்லாம் யார்கிட்ட கேக்கிறாங்க? இருட்டறையில உக்காந்து, திரையில அடுத்தவன் ஈரலையும் நுரையீரலையும் பாத்துட்டு, அவன் முகம் கறுப்பா சிவப்பான்னுகூடத் தெரியாம ரிப்போர்ட் சொல்ற மனுஷன்கிட்ட. அவருக்குப் போய்க் காகிதத்தை விடுன்னு புத்தி சொன்னதுதான் இன்னும் தமாஷ். மத்த டாக்டருங்க பேனா மூடியைத் தேடிக்கிட்டிருந்த காலத்துலயே ஃபிலிமைக் கைகழுவிட்டு ‘பாக்ஸ்’ங்கிற கம்ப்யூட்டர் படப் பெட்டகத்துல படம் பாக்கப் போனவர் அவர். ஆனா அந்த பாக்ஸ் கணக்குல சேராதாம். முறைப்படி சான்று வாங்கின பதிவேட்டு சாஃப்ட்வேர்தான் வேணுமாம்.

விலக்கும் இருந்துச்சு, இல்லேங்கலை. 100 மருந்துச் சீட்டுக்குக் குறைவா எழுதினா அந்தக் கேள்வி கிடையாது. உயரம், எடை, ரத்த அழுத்தம் மூணும் தொழிலுக்குச் சம்பந்தமில்லைன்னா அதுவும் கிடையாது. ஆனா அந்த வேலையைச் செய்யிற சாஃப்ட்வேர் மட்டும் கையில இருந்தாகணும். மாடு இல்லாதவன் பால் ஊத்த வேண்டாம், கொட்டகையை மட்டும் கட்டிக் காட்டுன்னு எங்க சங்கத்துல சொல்லியிருந்தா சனங்க சாணியைக் கரைச்சு ஊத்தியிருப்பாங்க. அவங்க படிச்சவங்க; கொட்டகை விக்கிறவனைக் கூப்பிட்டாங்க. விக்கிறவன் பக்கத்துலயே ஒருத்தன் கோட்டுப் போட்டுக்கிட்டு ஆலோசகர்னு நின்னான் பாரு, அவன்தான் உனக்கு மூத்தவன்.

அவனோட தொழில் நெளிவுசுளிவைச் சொல்றேன், குறிச்சுக்கோ. முதல் ஸ்லைடுல 44,000ஐக் கொட்டை எழுத்துல போடு. 20 டாக்டர் இருக்கிற குரூப்னா பெருக்கிக் காட்டு, 8,80,000 டாலர். சாஃப்ட்வேருக்கு வருஷா வருஷம் கப்பம் கட்டணும்கிறதைக் கப்பம் கட்டுற அன்னைக்குச் சொல்லிக்கலாம். 20 கேள்வியில ஒண்ணு தவறினாலும் அந்த வருஷத்துக் காசு மொத்தமும் போச்சு, முக்கால்வாசி செஞ்சா முக்கால்வாசிக் காசு கிடையாதுங்கிறதை அப்படியே முழுங்கிடு. எல்லாத்தையும் செஞ்சேன்னு உறுதிமொழி போறது டாக்டர் பேருல. பின்னாடி ஆடிட்டர் வந்து ஆதாரம் எங்கேன்னு நின்னா முழிக்கிறதும் டாக்டர்தான். 6 வருஷத்துக்குக் காகிதத்தைக் கட்டி வைக்கணும்னு விதி. அதுக்குள்ள நீ வேற ஊர்ல வேற போர்டு மாட்டியிருப்பே.

இதையெல்லாம் விடப் பெரிய சங்கதி 2012ல வந்துச்சு. இதே மானியத் திட்டத்தோட இரண்டாம் கட்ட விதியில ரேடியாலஜிஸ்ட், மயக்க மருந்து டாக்டர், பேத்தாலஜிஸ்ட் மூணு பேருக்கும் பிடித்தத்துல இருந்து விலக்கு கொடுத்தாங்க. மனுப் போட வேண்டாம். மெடிகேர் பதிவுல ரேடியாலஜிஸ்ட் பேருக்கு நேரா அந்தத் துறைக்கான 30ங்கிற குறி எண் சரியா இருந்தா போதும். அந்த எண்ணைச் சரிபாத்துக் கொடுக்கிறதுதான் அன்னைக்கு ஒரு ஆலோசகர் செஞ்சிருக்கக்கூடிய பெரிய உபகாரம். ஆனா பாரு, அது ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. அதுக்கு எப்படி மருமகனே பில்லு போடுவே?

இப்போ நீ விக்கப் போற சரக்குக்கு வருவோம். 2015ல சட்டத்தை மாத்தி, 2017ல இருந்து ‘மிப்ஸ்’னு டாக்டருங்களுக்கு மார்க்குப் போடுறாங்க. 100க்கு 75 எடுக்கணும். ரொம்பக் கீழே போனா 9 சதவீதம் வரைக்கும் பிடித்தம். அதுல பதிவேட்டுக்குன்னு 25 பங்கு. ஆனா வருஷத்துக்கு 100 தடவைக்கு மேல நோயாளியை நேருக்கு நேர் பாக்காத டாக்டருக்கு அந்த 25 தானாவே வேற தலைப்புக்குப் போயிடும். ஆக, அந்த 25ஐக் காட்டிப் பயமுறுத்தி எவன்கிட்டயாவது சாஃப்ட்வேரைத் தள்ளலாம்னு நினைச்சிருந்தேன்னா, ஆளு பாத்துத் தள்ளு.

இன்னொண்ணையும் தெரிஞ்சுக்கிட்டுப் போ. 2014ல ஒரு சட்டம் வந்துச்சு. சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் எழுதிக் கொடுக்கிற டாக்டர், இது தேவைதானான்னு ஒரு சாஃப்ட்வேர்கிட்ட யோசனை கேட்டுட்டுத்தான் எழுதணும்னு. அவர் கேக்காமப் போனா காசு யாருக்கு நிக்கும்? ஸ்கேனை எடுத்துப் படிச்சவருக்கு! மாமியார் உடைச்சா மண்குடம்னு நம்மூர்ல சும்மாவா சொன்னாங்க? அதையும் வருஷம் வருஷமாத் தள்ளித் தள்ளி வச்சு, 2024ல நிறுத்தியே வச்சுட்டாங்க. அதை நம்பிக் காசைக் கொட்டினவங்க வாசல்ல போய் நீ ‘சார், புதுத் திட்டம்’னு நின்னா நாயை அவிழ்த்து விடுவாங்க. அவங்க மேல தப்பில்லை.

இவ்வளவு நேரம் சிரிச்சோம். ஆனா அந்தக் கேள்வி எல்லாமே அசட்டுக் கேள்வி இல்லை மருமகனே. ஒத்துக்காத மருந்து எதுன்னு பட்டியல் போடச் சொன்னாங்களே, அது வேற யாரைவிடவும் படம் பாக்குறவருக்குத்தான் வேணும். பல சி.டி.க்கு முன்னால அயோடின் கலந்த மருந்தை நரம்புல ஏத்துறாங்க. போன தடவை ஏத்தினப்போ ஆளுக்கு மூச்சு முட்டுச்சான்னு தெரியாம இந்தத் தடவை ஏத்த முடியுமா? எடை தெரிஞ்சாத்தான் மருந்தோட அளவு தெரியும், மேஜை தாங்குமான்னும் தெரியும்.

சிகரெட் கேள்விக்கும் ஒரு காலம் வந்துச்சு. நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற குறைஞ்ச கதிர்வீச்சு சி.டி.க்குக் காசு தர மெடிகேர் 2015 பிப்ரவரியில ஒத்துக்கிச்சு. யாருக்கு? வயசு 55ல இருந்து 77. நாளைக்கு ஒரு பாக்கெட் வீதம் 30 வருஷம் ஊதின கணக்கு இருக்கணும். விட்டிருந்தா விட்டு 15 வருஷம் தாண்டியிருக்கக் கூடாது. 2022ல வயசை 50ஆகவும் கணக்கை 20ஆகவும் இறக்கினாங்க. ‘நான் எதுக்குய்யா சிகரெட்டைப் பத்திக் கேக்கணும்’னு 2011ல சிரிச்சவருக்கு, இப்போ அந்தப் பதில் இல்லாம ஸ்கேனுக்கே காசு வராது.

அப்போ முன்னாடியே கேட்டு வச்சவங்க பிழைச்சாங்களா? அதான் இல்லை. மானியத்துக்காக வச்ச கட்டத்துல தினம் குடிக்கிறான், எப்பவாவது குடிக்கிறான், விட்டுட்டான், தொட்டதே இல்லைன்னு டிக் அடிச்சாப் போதும். எத்தனை பாக்கெட்டு, எத்தனை வருஷம்னு அது கேக்கவே இல்லை. கட்டம் நிறைஞ்சுது, காசும் வந்துச்சு. நுரையீரலைப் பாக்குறவருக்கு வேண்டிய பதில் மட்டும் வரலை.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இதுதான். எந்த டாக்டர் வந்தாலும் முதல்ல விலக்கைப் பாரு, அப்புறமா வரவைப் பாரு. விலக்கு இருந்தா, ‘உங்களுக்கு நான் தேவையில்லை சார்’னு எழுதியே கொடு. தேவைப்படுற டாக்டருக்கு, ஒத்துக்காத மருந்து, சிறுநீரகத்து ரத்தப் பரிசோதனை, எடை, பாக்கெட்டுக் கணக்கு, எதுக்காக ஸ்கேன் எழுதினாங்கங்கிற காரணம் இவ்வளவும் அந்த இருட்டறைத் திரைக்கு வந்து சேர வழி பண்ணு. அரசாங்கம் நாளைக்குத் திட்டத்தோட பேரை மாத்தினாலும் இந்த வேலைக்கு மவுசு குறையாது.

கூலியை மட்டும் மணிக்கணக்குக்குப் பேசு. வர்ற காசுல இத்தனை சதவீதம்னு பேசிடாதே. சதவீதத்துக்கு வேலை பாக்குறவன் எவ்வளவு யோக்கியனா இருந்தாலும், விலக்குன்னு எழுதியிருக்கிற பக்கத்துக்கு வர்றப்போ அவனுக்குக் கண்ணு மங்கிடும். நான் நேர்லயே பாத்திருக்கேன்.