விளிச்சொல் மகாத்மியம்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மே மாதக் கோடை விழாவுக்கும் மலர்க் காட்சிக்கும் ஏற்காடு வந்து சேர்ந்த ஒருவர், வளைவுகள் யாவும் முடிந்துவிட்டன என்று பெருமூச்சு விடுவாராயின், அவர் இன்னும் தொடக்க விழா மேடைக்கு முன்னால் உட்காரவில்லை என்பதே அதன் பொருள். அங்கே பிரசங்கி எழுந்து, ஒலிபெருக்கியை இரண்டு தட்டுத் தட்டி, தொண்டையைச் செருமி, தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், வரவேற்றவர், நன்றி கூற இருப்பவர், வருவதாகச் சொல்லி வராதவர் ஆகிய சகலரையும் பதவிக் கிரமம் பிசகாமல் ‘அவர்களே, அவர்களே’ என்று விளித்து, ஒரு பிரமுகர் விடுபட்டதாகப் பின்னாலிருந்து வந்த சீட்டைக் கண்டு பதறி மறுபடியும் தொடங்கி, சேர்வராயன் மலையின் மூடுபனி இறங்கி மேடையை மறைக்கும் தருணத்தில்தான் விஷயத்துக்கு வருகிறார். அந்த விஷயமும், நேரமின்மையால் சுருக்கமாகப் பேசப்போவதாக அறிவிப்பதே.

1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோவில், சகோதரிகளே, சகோதரர்களே என்று விவேகானந்தர் விளித்த மாத்திரத்தில் கரகோஷம் எழுந்தது. அவருக்கு ஒரு சௌகரியம்: வட்டாரப் பிரமுகர்களின் பட்டியலை யாரும் அவர் கையில் திணிக்கவில்லை. மு. கருணாநிதியும் மேடையிலிருந்தோர் பெயர்களை அடுக்கியவர்தான். ஆனால் ஜனங்கள் காத்திருந்தது கடைசியில் வரும் ‘உடன்பிறப்புகளே’ என்ற விளிக்காக.

விழாக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த ஆண்டு அத்தனை பெயர்களையும் ஏரிக்கரையில் ஒரு பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள், பிரமுகர்கள் படித்து மகிழட்டும், நாங்கள் பூக்கள் வாடுவதற்குள் பூங்காவுக்குள் போய்விடுகிறோம்.