சூரியனுக்கு ஒரு பல்

என் வயதுக்காரர்கள் நாலு பேர் கல்யாணப் பந்தியில் ஒன்றாக உட்கார்ந்தால், பாயசம் வருவதற்குள் பேச்சு பல்லுக்கு வந்துவிடும். ஒருவர் முறுக்கை இலை ஓரம் தள்ளுவார். இன்னொருவர் ஐஸ்கிரீம் வேண்டாம் என்று கையை ஆட்டுவார். மூன்றாமவர் பெருமூச்சு விடுவார்: "அந்தக் காலத்து ஆளுங்களுக்குப் பல்லு எப்படி இருந்துச்சு! ஆலங்குச்சி, வேப்பங்குச்சி. பேஸ்டு, பிரஷ்ஷுன்னு வந்துதான் எல்லாம் போச்சு." எல்லோரும் தலையாட்டுவோம். நானும்தான். ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடந்த பாக்கு உரல் அந்தப் பேச்சுக்கு ஒத்துவராது.

கைக்கு அடக்கமான இரும்பு உரல், அதற்கேற்ற குட்டி உலக்கை. அப்பாயி அதில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் போட்டு இடித்து, உருட்டி வாயில் ஒதுக்கிக்கொள்வாள். எங்கள் தெருவில் திண்ணைக்குத் திண்ணை அந்த 'ணங் ணங்' கேட்கும். ஆலும் வேலும் அத்தனை உறுதி கொடுத்திருந்தால், மாயவரம் கடைத்தெருவில் பாக்கு உரலை யார் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள்? பந்தியில் இதைக் கேட்டால் பாயசம் கசந்துவிடும் என்பதால் கேட்பதில்லை.

மாயவரம் 1982-இல் மயிலாடுதுறை ஆயிற்று. நான் சொல்வது அதற்கு முந்தைய கதை. வீட்டுக்குள் பல் துலக்க என்று ஓர் இடம் கிடையாது. கொல்லையில் துப்பினால் அப்பாயி திட்டுவாள், வாசலில் துப்பினால் தெருவே திட்டும். அதனால் காவிரிக்குப் போவோம். போகிற வழியில் தாத்தா வேப்பமரத்தில் பதமான குச்சியாகப் பார்த்து ஒடிப்பார். நுனியை மென்று நார்நாராக்கி, ஈறு கசக்கத் தேய்த்து, கடைசியில் அதே குச்சியை இரண்டாகப் பிளந்து நாக்கை வழித்து ஆற்றில் எறிந்தால் காரியம் முடிந்தது. அதில் பல்லுக்குப் போன நேரம் கொஞ்சம்; மிச்சமெல்லாம் ஊர் வம்புக்கு. எவன் வயலில் எவன் ஆடு மேய்ந்தது, யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள், ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறப்பார்களா, திறந்தால் நம்ம வாய்க்காலுக்கு என்றைக்குத் தண்ணீர் வரும் என்று எல்லாத் தீர்மானமும் குச்சி வாயில் இருக்கும்போதே நிறைவேறிவிடும். ஆறு வறண்ட மாதங்களில் மணலில் ஊற்றுத் தோண்டி வாய் கொப்பளிப்போம். இன்று என் வீட்டில் ஆளுக்கொரு வாஷ்பேசின். பிரஷ் வாயில், போன் கையில். ஊர் வம்பு இப்போதும் உண்டு, ஊர்தான் யாருடையது என்று தெரிவதில்லை.

குச்சி கிடைக்காத நாளில் உமிக்கரி, அடுப்புச் சாம்பல், மழைக்காலத்தில் செங்கல் தூள். அப்பா உத்தியோகஸ்தர் என்பதால் பல்பொடிக்கு உயர்ந்தார். இலங்கை வானொலி விளம்பரத்தில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான கோபால் பல்பொடி. ரோஸ் நிறம், லேசாகத் தித்திக்கும். நாங்கள் பல்லில் தேய்த்ததைவிடத் தின்றது அதிகம். பிறகு பேஸ்ட் வந்தது. கரியால் பல் துலக்குகிறவனைக் கேலி செய்து தொலைக்காட்சியில் விளம்பரமும் வந்தது. எங்கள் உமிக்கரி அன்றோடு வெட்கப்பட்டு வீட்டைவிட்டுப் போனது. இப்போது பேரன் உபயோகிக்கும் பேஸ்ட் கன்னங்கரேல் என்று இருக்கிறது. 'கரி சேர்ந்தது' என்று அட்டையிலேயே பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். வேப்பங்குச்சியையும் பொட்டலம் கட்டி இணையத்தில் விற்கிறார்கள். தாத்தாவிடம் எந்த மரமும் பில் நீட்டியதில்லை.

தாத்தா விபூதி பூசாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். அமாவாசை, ஏகாதசி, திவச நாள்களில் குச்சியைத் தொடக்கூடாது, பன்னிரண்டு தடவை வாய் கொப்பளித்தால் போதும் என்பது அவர் கடைப்பிடித்த சாத்திரம். அமாவாசை மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறதே என்பது இறைவன்மேல் எனக்கு அப்போது இருந்த ஒரே வருத்தம். அந்தக் கொப்பளிப்பு இன்று நல்லெண்ணெயோடு சேர்ந்து 'ஆயில் புல்லிங்' ஆகிவிட்டது. காலையில் மருமகளிடம் காப்பி எங்கே என்று கேட்டால் 'ம்ம்ம்' என்றுதான் பதில் வரும். தாத்தா விரல்விட்டு எண்ணினார், இவள் போனில் டைமர் வைக்கிறாள். இரண்டு பேரையும் நடுவில் பேசவைக்க முடியாது.

விளையாடப் போனால் பல்தான் எங்கள் கருவிப்பெட்டி. பம்பரக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க, பட்டத்து நூலை அறுக்க, மாங்காயைப் பிளக்க எல்லாவற்றுக்கும் அதுவே. தூண்டில் நரம்பில் ஈயத் துண்டை வைத்துப் பல்லால் நெரிப்போம். ஈயம் விஷம் என்று எங்களுக்கும் தெரியாது, கெண்டைக்கும் தெரியாது. பொங்கல் கரும்பின் அடித்துண்டைப் பல்லால் பட்டை உரிப்பவன் வீரன்; கணுவையே கடித்துத் துப்பினால் அவன்தான் தலைவன். கமர்கட் தனிப் பரீட்சை. வெல்லமும் தேங்காயும் இறுகிய அந்த உருண்டை, ஆடுகிற பல்லைக் கூலி கேட்காமல் பிடுங்கிக் கொடுத்துவிடும். ஆடிப்பெருக்கன்று சப்பரத்தை இழுத்துக்கொண்டு படித்துறைக்கு ஓடி, வழுக்கி விழுந்து, முன்பல்லில் மூலை உடைந்தவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அதற்கு வைத்தியம் கிடையாது, பட்டப்பெயர் உண்டு.

பேரன் ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போகும்போது தலைக்கு, முழங்கைக்கு, முழங்காலுக்கு என்று கவசம் பூட்டி அனுப்புகிறார்கள். கரும்பு அவனுக்குத் தோல் சீவித் துண்டு போட்டு டப்பாவில் வருகிறது. "தாத்தா, இதுல சக்கை இருக்கு" என்று ஒருமுறை புகார் சொன்னான். இத்தனை பாதுகாப்புக்குப் பிறகும் அவன் கடைவாயில் சொத்தை. பல்லில் படியும் கிருமி சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுகிறது. எவ்வளவு தின்றான் என்பதைவிட எத்தனை தடவை தின்றான் என்பதுதான் முக்கியம் என்றார் டாக்டர். பிஸ்கட், சாக்லேட், பழச்சாறு என்று அவன் வாய்க்கு ஓய்வே இல்லை. எங்களுக்கு இனிப்பு என்றால் தீபாவளி, திருவிழா, யார் வீட்டுக் கல்யாணமாவது. எங்கள் பல்லைக் காப்பாற்றியதில் வேப்பமரத்தைவிட அப்பாவின் காலிச் சட்டைப்பைக்கு அதிகப் பங்கு இருந்திருக்க வேண்டும். அதைப் பாராட்டி யாரும் பழமொழி சொல்லி வைக்கவில்லை.

பால்பல் விழுந்தால் எங்கள் வீட்டில் ஒரு சடங்கு உண்டு. பல்லைச் சாணியில் பொதிந்து, கிழக்கே பார்த்து ஓட்டுக்கூரை மேல் எறிய வேண்டும். ஏன் என்று கேட்டேன். "சூரியனுக்குப் பல்லு கெடையாதுடா ராசா. நீ ஒண்ணு குடுத்தா அவரு உனக்கு நல்லதா ஒண்ணு குடுப்பாரு" என்றாள் அப்பாயி. தட்சன் யாகத்துக்கு வந்திருந்த தேவர்களை வீரபத்திரர் புரட்டி எடுத்தபோது சூரியனின் பல் உதிர்ந்தது. அந்த யாகம் நடந்த இடம் திருப்பறியலூர் என்பது தலபுராணம். செம்பனார்கோயில் பக்கம், எட்டு வீரட்டத் தலங்களில் ஒன்று, எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான். ஆக, எங்களுக்கு அது புராணமே இல்லை, பக்கத்து ஊர் அடிதடி. வேத மரபில் பல் போன அந்த ஆதித்தனுக்குப் பூஷன் என்று பெயர். அவருக்கு அவியாகக் கொடுப்பது அரைத்த மாவும் கூழும். அப்பாயிக்கும் அவருக்கும் ஒரே பத்தியம்.

பேரனுக்கு முதல் பல் விழுந்தபோது நானும் எழுந்தேன். அடுக்குமாடியில் சாணிக்கு எங்கே போவது? மொட்டைமாடிச் சாவி செக்யூரிட்டியிடம். அதற்குள் மகன் ஓடிவந்தான்: "அப்பா, எறிஞ்சுடாதீங்க!" பால்பல்லின் உள்கூழில் ஸ்டெம் செல் இருப்பதை 2003-இல் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் வெளியிட்டார்களாம். அதை உறையவைத்துக் காப்பாற்றித் தர நிறுவனங்கள் இருக்கின்றனவாம், பணம் கட்டினால் போதுமாம். எந்த நோய்க்கு உதவும் என்று கேட்டேன். "அதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. பின்னால நல்லது நடக்கும்பா" என்றான். அப்பாயி சொன்னதும் அதேதான். அவள் கட்டணம் கேட்கவில்லை.

எனக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தபோது முதலில் கிராம்பு வைத்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது. கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினாலை இன்றும் பல் மருத்துவர்கள் தற்காலிக அடைப்பில் சேர்க்கிறார்கள். அதற்கும் அடங்காமல் கன்னம் வீங்கியதும் அப்பாயி வைத்தீஸ்வரன்கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். வைத்தியநாதரிடம் எந்த உறுப்பு சரியாக வேண்டுமோ அதை வெள்ளித் தகட்டில் வாங்கிப் போடுவது வழக்கம். கடையில் கண் இருந்தது, கை இருந்தது, கால் இருந்தது, பல் இல்லை. அப்பாயி யோசித்து ஒரு முழு முகமாக வாங்கினாள். "மொகத்துல பல்லு அடக்கந்தானேடா?" கூடவே சித்தாமிர்தத் தீர்த்தத்தில் வெல்லத்தையும் கரைத்தாள். பல்வலிக்கு வெல்லத்தைத் தண்ணீரில் விடுவதைவிட நல்ல யோசனை எந்த டாக்டரும் சொல்ல முடியாது.

அப்பா மறுவாரம் சத்தமில்லாமல் என்னைச் சென்னைக்கு அழைத்துப்போய் ஒரு சீனப் பல் வைத்தியரிடம் உட்காரவைத்தார். சென்னையில் சீனக் குடும்பங்கள் தலைமுறையாகப் பல் வைத்தியம் பார்த்துவந்தன. பலருக்குப் பூர்வீகம் ஹூபே மாகாணம். சென்னையில் அரசு பல் மருத்துவப் படிப்பே 1953-இல்தான் தொடங்கியது. 1948-இன் பல் மருத்துவர் சட்டம், பட்டம் இல்லாமல் ஏற்கெனவே தொழில் செய்துவந்தவர்களும் பதிவுசெய்துகொள்ள ஒரு தனிப் பகுதி ஒதுக்கியது. அவர் தமிழிலேயே "வாயைத் தொற தம்பி" என்றார். பல் வந்துவிட்டது. ஊர் திரும்பியதும் அப்பாயி கேட்ட ஒரே கேள்வி: "பார்த்தியா, வைத்தியநாதர் எங்கேருந்து ஆள் அனுப்பியிருக்காரு!"

எல்லா நம்பிக்கையும் இப்படிச் சிரித்துவிட்டுப் போகிற வகை இல்லை. அத்தையைத் தர்மபுரிப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். லீவுக்கு வரும் அவள் பிள்ளைகளின் பல்லில் பழுப்புப் பழுப்பாகக் கறை. பிள்ளைகளைச் சரியாக வளர்க்கத் தெரியவில்லை என்று அத்தைக்குப் பேச்சு. தாத்தா அவர்களை விடியற்காலையில் ஆற்றுக்கு இழுத்துப்போய் ஈறு கிழியத் தேய்க்கவைப்பார். கறை அசையாது. பல் ஈறுக்குள் உருவாகும்போதே பிடிக்கும் கறை அது. காரணம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃப்ளூரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாறை மண்ணுக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அங்கே தண்ணீர் கொடுக்கத் தொடங்கியது 2013-இல். நாங்கள் கரையில் உட்கார்ந்து துப்பிக்கொண்டிருந்த அதே காவிரி. அத்தைக்குக் கெட்ட பெயர் துடைக்க அது போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகளுக்கே பிள்ளைகள் பிறந்தாயிற்று.

இப்போது என் முறை. சீன வைத்தியர் எடுத்த இடத்துக்குப் பக்கத்துப் பல்லும் போய்விட்டது. இம்ப்ளாண்ட் வைக்கலாம் என்றார்கள். ஸ்வீடனில் பிரோனமார்க் என்பவர் முயல் எலும்பில் டைட்டானியம் வைத்துப் பார்த்து, திரும்பக் கழற்றப் போனால் எலும்பு அதை விடவில்லையாம். 1965-இல் முதல் மனிதர் வாயில் வைத்தார். மகன் எனக்கு இதையெல்லாம் படம் போட்டு விளக்கினான். கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வெளியிலேயே நின்றுவிடுகிற பிள்ளை அவன். அவனே கிளினிக்குக்குப் போன் செய்து, செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கொடுத்திருந்த நேரத்தைப் புதன் காலைக்கு மாற்றினான். ராகுகாலமா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லப்பா. இவ்வளவு பணம் போடுறோம், எதுக்கு வம்பு" என்றான்.

பல் பொருந்திவிட்டது. வாரண்டி அட்டை ஒன்று கொடுத்தார்கள், பத்து வருஷத்துக்கு. மனைவி அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சாமி அலமாரியில் வைத்தியநாதர் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள். ஏன் அங்கே என்று கேட்டதற்கு, "கம்பெனிக்காரன் இருப்பானோ மாட்டானோ, இவர் இருப்பாருல்ல" என்றாள்.