புலம்பும் பொம்

ஆஸ்திரேலியாவில் குடியேறிய இங்கிலாந்துக்காரருக்கு ‘பொம்’ என்று பெயர். கொஞ்சம் நீட்டினால் ‘பொம்மி’. திட்டும் அதுதான், செல்லமும் அதுதான். எது என்பதைக் கூப்பிடுகிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெயருக்கு முன்னால் ‘புலம்பும்’ என்ற அடைமொழி படித்து வாங்கிய பட்டம்போல ஒட்டிக்கொண்டிருக்கும். சொல் பிறந்த கதைகள் பல. ‘அன்னை இங்கிலாந்தின் கைதி’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அந்தக் காலக் கைதிகளின் சட்டையில் பொறிக்கப்பட்டிருந்தன என்பது சுவையான கதை, ஆதாரம்தான் இல்லை. அகராதிக்காரர்கள் மாதுளம்பழத்தின் பக்கம் சாய்கிறார்கள். குடியேறியைக் குறிக்கும் ‘இமிகிரன்ட்’டும் மாதுளையைக் குறிக்கும் ‘பொமகிரானெட்’டும் இயைபாக ஒலித்ததில் பிறந்த கேலி அது. வெயிலில் கன்றிச் சிவந்த கன்னங்கள் மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டன.

புலம்பலைப் பற்றி ஆஸ்திரேலியர்கள் சொல்லும் பழைய வேடிக்கை ஒன்று உண்டு. விமானம் வந்து நின்று, என்ஜினை அணைத்த பிறகும் ‘ஙொய்’ என்ற முனகல் ஓயவில்லையா? உள்ளே இருப்பவர்கள் பொம்கள்.

மூத்த தலைமுறை பொம் விமானத்தில் வரவில்லை. கப்பலில், பத்துப் பவுண்டுக்கு வந்தார். 1942இல் டார்வின் மீது ஜப்பான் குண்டு போட்டதிலிருந்து, எழுபது லட்சத்துச் சொச்சம் பேரை வைத்துக்கொண்டு ஒரு கண்டத்தை எப்படிக் காப்பது என்ற கவலை ஆஸ்திரேலிய அரசைப் பிடித்துக்கொண்டது. 1945இல் குடியேற்றத்துக்கென்றே ஒரு துறை அமைந்தது. அதன் முதல் அமைச்சர் ஆர்தர் கால்வெல், வெளிநாட்டவர் ஒருவர் வந்தால் பிரிட்டிஷார் பத்துப் பேர் வருவார்கள் என்று மக்களுக்கு உறுதி கொடுத்தார். வெள்ளையர் அல்லாதவருக்குக் கதவு சாத்தியிருந்த காலம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1947இல் உதவிப் பயணத் திட்டம் தொடங்கியது. பெரியவருக்குப் பத்துப் பவுண்டு, சிறு பிள்ளைகளுக்கு இலவசம். இரண்டு ஆண்டு தங்கியாக வேண்டும். அதற்குள் கிளம்பினால் அரசு போட்ட பயணச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். 1972க்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்திறங்கினார்கள். 1969இல் மட்டும் 80,000 பேருக்கு மேல்.

போர் முடிந்தும் இங்கிலாந்தில் ரேஷன் முடியவில்லை. 1954 வரை நீடித்தது. குண்டு விழுந்த தெருக்களில் வீடில்லை. சுவரொட்டியில் ஆஸ்திரேலியா சிரித்தது: வெயில், கடற்கரை, தோட்டத்தோடு தனி வீடு. சுவரொட்டியில் ஈ இருக்காது அல்லவா?

சூயஸ் கால்வாய், ஏடன், கொழும்பு என்று போகும் கப்பல் கடைசியில் ஃப்ரீமேன்டில் துறைமுகத்தை அடையும். கொழும்பில் சில மணி நேரம் இறங்கி ஊர் பார்க்கலாம். பொம் பிறந்த நாளிலிருந்து குடித்துவந்த தேநீரின் இலைகளில் ஒரு பங்கு, அந்தத் தீவின் மலைகளில் தமிழ்ப் பெண்கள் கொய்தவை. அந்தத் துறைமுகத்தை விட்டுக் கப்பல் நகர்ந்ததுமே, ‘இனி நல்ல தேநீர் எங்கே கிடைக்கப்போகிறது’ என்ற முதல் புலம்பல் தொடங்கும். மற்ற புலம்பல்கள் கரையில் காத்திருந்தன.

அரசு கொடுத்த தங்குமிடம் நிஸ்ஸன் குடில். ஒரு தகர உருளையை நீளவாக்கில் இரண்டாக அறுத்துத் தரையில் கவிழ்த்தால் என்ன கிடைக்குமோ அதுதான் நிஸ்ஸன் குடில். போரில் சிப்பாய்களுக்காகக் கட்டியது. ஜனவரி வெயிலில் அதற்குள் ரொட்டி சுடலாம். ஆனால் சமைக்க அனுமதி இல்லை. சாப்பாடு பொது உணவுக்கூடத்தில், வரிசையில் நின்று. பெரும்பாலும் ஆட்டிறைச்சி. நம்மவருக்கு இது ஒரு குறையாகவே படாது. மசாலாவும் இல்லாமல் குழம்பும் இல்லாமல் வெந்நீரில் வெந்த ஆடு என்றால் ஒருவேளை புரியும். அதே ஆடு, மறுநாள் வேறு பெயரில், அதற்கு மறுநாள் மறுபடி பழைய பெயரில். குடிலுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலுக்கடியில் ஒளித்த மின்அடுப்பில் முட்டை பொரித்தவர்கள் அந்தக் காலத்துக் கள்ளச் சாராய வியாபாரிகளைப் போலக் காவல் வைத்துச் சமைத்தார்கள்.

குடிலிலிருந்து விடுபட்டுச் சொந்த வீடு கிடைத்தவுடன் அடுத்த பாடம் கொல்லைக் கழிப்பறை. பெரிய நகரங்களின் புறநகர்களில்கூடப் பாதாளச் சாக்கடை வராத தெருக்கள் வெகுகாலம் இருந்தன. இருட்டில் டார்ச் பிடித்துக்கொண்டு போய், உட்காரும் பலகையின் அடியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். முதுகில் சிவப்புக் கோடு போட்ட ரெட்பேக் சிலந்திக்கு மிகவும் பிடித்த இடம் அது. லிவர்பூலில் அறுபது வருடம் வாழ்ந்தாலும் கிடைக்காத எச்சரிக்கை உணர்வு, அடிலெய்டில் ஆறே நாளில் வந்துவிடும்.

அடிலெய்டுக்கு வடக்கே எலிசபெத் என்று ஒரு நகரையே 1955இல் புதிதாக எழுப்பினார்கள். அரசியின் பெயர், ஹோல்டன் கார் தொழிற்சாலை, வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். குடிவந்தவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷார். ஊரைவிட்டு வந்தவர்கள் ஊரையே சுற்றிலும் கட்டிக்கொண்டார்கள். கிளாஸ்கோவிலிருந்து சிறுவனாக வந்து அங்கே வளர்ந்த ஜிம்மி பார்ன்ஸ் பின்னாளில் ஆஸ்திரேலியாவின் பெரிய ராக் பாடகர் ஆனார்.

மொழி ஒன்றுதானே, அதில் என்ன சங்கடம் என்று பொம் நினைத்துக்கொண்டு வருவார். பக்கத்து வீட்டம்மா விருந்துக்குக் கூப்பிடுவார்: “சனிக்கிழமை வாங்க, ஒரு தட்டு கொண்டு வாங்க.” பாவம், அவர்கள் வீட்டில் தட்டு பற்றாக்குறை போலிருக்கிறது என்று பொம்மின் மனைவி நல்ல பூப்போட்ட பீங்கான் தட்டுகளாக நான்கைத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார். அங்கே மேஜையெல்லாம் பலகாரம். வந்தவர்கள் எல்லோரும் தட்டில் ஏதோ ஒன்று செய்து எடுத்து வந்திருக்கிறார்கள். ‘தட்டு’ என்றால் தட்டு நிறையப் பலகாரம் என்பது உள்ளூர் வழக்கு. வெறுந்தட்டோடு வாசலில் நின்ற இந்தக் காட்சி எத்தனையோ பொம் குடும்பங்களில் பேரன் பேத்திகளுக்குச் சொல்லும் கதையாக இருக்கிறது. ஒவ்வொரு குடும்பமும் அது தங்களுக்கு மட்டும் நடந்தது என்று நம்புகிறது.

பருவங்களோடு ஏற்படும் தகராறு இதைவிட ஆழமானது. டிசம்பர் 25 அன்று நிழலிலேயே 40 டிகிரி. இருந்தாலும் வான்கோழி அடுப்பில் வேகத்தான் வேண்டும், புட்டிங் கொதிக்கத்தான் வேண்டும். சமையலறையில் எது வேகிறது, யார் வேகிறார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஜன்னலில் ஒட்டிய பஞ்சுப் பனிக்கு வெளியே பிள்ளைகள் தண்ணீர்க் குழாயைத் திறந்து ஒருவரையொருவர் நனைத்துக்கொண்டிருப்பார்கள். இந்தக் குறையைத் தீர்க்க, சிட்னிக்கு மேற்கே நீலமலைப் பகுதி விடுதிகள் குளிர்காலமான ஜூலையில் ஒரு கிறிஸ்துமஸ் நடத்துகின்றன. கணப்பு, வான்கோழி எல்லாம் உண்டு. ஏசுநாதரின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

குளிர்காலத்திலோ பொம் நடுங்குவார். பனியில் வளர்ந்தவர் மெல்பர்னின் 12 டிகிரிக்கு நடுங்குவதைக் கண்டு உள்ளூர்க்காரர் சிரிப்பார். ஆனால் குறை பொம்மின் மீதல்ல. இங்கிலாந்தில் வெளியேதான் குளிர். வீட்டுக்குள் குழாய்ச் சூடும் இரட்டைக் கண்ணாடியும் உண்டு. ஆஸ்திரேலிய வீடு வெயிலை நினைத்துக் கட்டியது. மெல்லிய சுவர், ஒற்றைக் கண்ணாடி. அங்கே குளிர் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும்.

இன்றைய பொம் தாதியாகவோ ஆசிரியராகவோ சுரங்கப் பொறியாளராகவோ விமானத்தில் வருகிறார். குடில் இல்லை, ஆட்டுக்கறி வரிசை இல்லை. புலம்பல் மட்டும் வம்சவழியாக வந்து சேர்ந்திருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் அவருக்கு ஒரு சோதனை காத்திருக்கிறது. சிறுவயதிலிருந்து தின்ற பிஸ்கட், மார்மைட், அவித்த பீன்ஸ் டப்பா எல்லாம் ‘அயல்நாட்டு உணவு’ என்ற வரிசையில், இந்திய மசாலாப் பொடிக்கும் சீன நூடுல்ஸுக்கும் நடுவில் ஒரே ஓர் அடுக்கில் நிற்கின்றன. தாம் அயல்நாட்டவர் என்பது விசா அலுவலகத்தில் உறைக்காதவருக்கு அந்த அடுக்கின் முன்னால் உறைக்கும். விலைச்சீட்டைப் பார்த்ததும் இன்னும் நன்றாக உறைக்கும். வாங்காமல் திரும்புவதும் இல்லை.

அம்மாவோடு பேசுவதற்குக் கணக்கு தெரிய வேண்டும். லண்டனுக்கும் சிட்னிக்கும் இடைவெளி ஒன்பது மணி நேரம். சில மாதம் கழித்துப் பதினொன்று. நடுவில் சில வாரம் பத்து. இங்கே கடிகாரத்தை முன்னால் தள்ளும்போது அங்கே பின்னால் இழுக்கிறார்கள். கால்பந்து இன்னும் கொடுமை. அங்கே சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆட்டம், குளிர்காலத்தில், சிட்னியில் ஞாயிறு அதிகாலை இரண்டு மணி. போர்வையைச் சுற்றிக்கொண்டு, மனைவி மக்கள் விழித்துவிடாதபடி வாயைப் பொத்திக்கொண்டு கோல் கொண்டாடும் கலையில் பொம்முக்கு நிகர் யாருமில்லை. தோற்றால் சிரமமில்லை, அதற்குச் சத்தம் வேண்டியதில்லை.

இந்த மனிதர் யாரைப் போல என்று கேட்டால், தமிழ் வாசகருக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: புகுந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு பிறந்த வீட்டுப் பெருமை பேசும் மருமகள். ‘எங்கள் வீட்டில் ரசம் இப்படி இருக்காது’ என்ற தொனி அப்படியே இருக்கும். இக்கரைக்கு அக்கரை பச்சை என்ற பழமொழியைச் சொல்லி அவரை மடக்கவும் முடியாது. இங்கிலாந்து உண்மையிலேயே பச்சை. பெர்த்தில் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்க வாரத்தில் இரண்டு நாள்தான் அனுமதி.

பொறுக்க முடியாமல் ஊர் திரும்பியவர்களும் உண்டு. பத்துப் பவுண்டில் வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் திரும்பினார். பீ ஜீஸ் குழுவின் கிப் சகோதரர்கள் 1958இல் சிறுவர்களாக வந்து, 1967இல் இங்கிலாந்துக்குப் போய் உலகப் புகழ் பெற்றார்கள். மற்றவர்களுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நவம்பர் மாதம், மாலை நான்கு மணிக்கே இருட்டு, தூறல். மதுக்கடையில் பழைய நண்பர்களிடம், “அங்கே இந்நேரம் கடற்கரையில் இருப்போம்” என்று பொம் தொடங்குவார். இரண்டாவது கோப்பைக்குள் நண்பர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இறைச்சி சிறியது, வீடு சிறியது, வானம் சிறியது என்று அவர் அளந்துகொண்டே போவார். பிறந்த வீட்டுக்கு வந்ததும் புகுந்த வீட்டுப் பெருமை! திரும்பியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் மறுபடி ஆஸ்திரேலியாவுக்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு ‘பூமராங் பொம்’ என்று பெயர் வைத்தார்கள். மூன்றாவது முறை மூட்டை கட்டுபவர் ‘பிங்பாங் பொம்’.

இவ்வளவு புலம்பியும் ஊர் அவரைத் தள்ளி வைக்கவில்லை. வேல்ஸில் பிறந்து, 1966இல் பெற்றோருடன் பத்துப் பவுண்டுத் திட்டத்தில் அடிலெய்டு வந்த ஜூலியா கில்லார்ட் 2010இல் பிரதமரானார். அவரது அரசியல் எதிரி டோனி அபட் லண்டனில் பிறந்தவர். 2013இல் அவரும் பிரதமரானார். 1984 ஜனவரி வரை பிரிட்டிஷார் குடியுரிமை வாங்காமலேயே வாக்களிக்கலாம். அதற்கு முன் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தவர்களுக்கு அந்த உரிமை இன்றும் உண்டு. அரை நூற்றாண்டு வரி கட்டி, வாக்குப் போட்டு, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, ‘நிரந்தரமாக இருப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை’ என்று சொல்லும் பொம் இந்த வகையைச் சேர்ந்தவர். 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்வோர் 9 லட்சத்து 27 ஆயிரம் பேர். வெளிநாட்டில் பிறந்தோரில் அப்போது அவர்களே முதலிடம்.

கடைசிப் புலம்பல் ஓய்வுக் காலத்தில் வரும். இங்கிலாந்தில் உழைத்தபோது கட்டிய காப்பீட்டுக்குப் பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் தருகிறது. ஊரிலேயே இருப்பவருக்கு அது ஆண்டுதோறும் ஏறும். அமெரிக்காவில் குடியேறியவருக்கும் ஏறும், பிலிப்பைன்ஸில் குடியேறியவருக்கும் ஏறும். ஆஸ்திரேலியாவில் இருப்பவருக்கோ, கனடா, நியூசிலாந்து, இந்தியா போன்ற நாடுகளில் இருப்பவர்களைப்போலவே, முதல் மாதம் வந்த தொகை எதுவோ அதுவே சாகும்வரை. ஆஸ்திரேலிய அரசு பலமுறை கேட்டுப் பார்த்து, பலிக்காமல், 2001இல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது. ஒரே வீட்டுப் பெண்கள். வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டவளுக்கு வருடா வருடம் சீர் கூடுகிறது, இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவளுக்குக் கூடுவதில்லை. பொம்மின் புலம்பல்கள் அத்தனையிலும் கலப்படமில்லாத நியாயம் உள்ளது இது ஒன்றுதான்.