வாழைப்பழப் பெட்டியும் 50 இலட்சம் டொலரும்

காலை ஆறரைக்கு அம்மா தொலைபேசி எடுத்தால், ஒன்றில் ஊரில் யாரோ மோசம் போயிருப்பார்கள், அல்லது ஸ்காபரோவில் எங்கோ வெண்டிக்காய் மலிவாகப் போயிருக்கும். 2024 பெப்ரவரியில் ஒரு நாள் அவர் எடுத்தது இரண்டுக்கும் இல்லை.

“மோனை, உன்ர ஹொக்கிப் படப் பெட்டியள் இஞ்சை பேஸ்மென்றிலை எல்லே கிடக்கு?”

“ஓம்.”

“ஒண்டையும் எறிஞ்சு போடாதை. ரேடியோவிலை சொல்லுறான். ரெஜைனாவிலை ஒரு வீட்டுக்காரர் ஒரு பெட்டி வித்தவையாம். அம்பது லட்சம் டொலர்.”

இருபத்தைந்து வருடமாக இதே அம்மாதான் “இந்தக் குப்பையளை எப்ப கொண்டுபோகப் போறாய்?” என்று கேட்டுக்கொண்டிருந்தவர். நான்கு வாழைப்பழப் பெட்டிகள். வாயு அடுப்புக்கும் பொங்கல் பானைக்கும் இடையில், தோசைக்கல் ஒன்றைத் தலையில் சுமந்தபடி கிடந்தன. அன்று பின்னேரம் நான் போனபோது தோசைக்கல் இறக்கப்பட்டு, பெட்டிகளுக்குமேல் பழைய சேலை ஒன்று போர்த்தப்பட்டிருந்தது.

ரேடியோ சொன்னது பொய் இல்லை. சஸ்கச்சுவான் மாகாணத்து ரெஜைனாவில், ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் பல வருடம் கிடந்த பெட்டி அது. 1979-80 ஹொக்கிப் பருவத்தின் படங்கள், ஓ-பீ-ச்சீ என்ற கம்பனி அடித்த அட்டைகள். உள்ளே 16 சிறு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 48 பொதிகள், பொதிக்கு 14 அட்டைகள். ஒன்றுமே உடைக்கப்படவில்லை. அந்தப் பருவத்தில்தான் ஹொக்கி ஆட்டக்காரர் வெய்ன் கிரெட்ஸ்கியின் முதல் அட்டை வந்தது. அதில் அப்பழுக்கற்ற ஒன்று 2021இல் தனியாகவே 37 இலட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டொலருக்குப் போயிருந்தது. பெட்டிக்குள் எத்தனை கிரெட்ஸ்கி இருக்கக்கூடும் என்ற கணக்கிலேயே ஏலம் 37 இலட்சத்து 20 ஆயிரம் அமெரிக்க டொலரில் நின்றது. அதைக் கனேடியக் காசுக்கு மாற்றியதில் ரேடியோ பிழை விடவில்லை. அம்மாவின் காதில் விழாமற்போனது 1979 என்ற ஒரே ஒரு சொல்தான்.

நான் 1989இல் பத்து வயதில் கனடாவுக்கு வந்தவன். வகுப்பில் வாய் திறக்கப் பயந்த எனக்கு அட்டைகள்தான் ஆங்கிலம் சொல்லித் தந்தன. ஓ-பீ-ச்சீ அட்டையின் பின்பக்கம் ஆங்கிலமும் பிரெஞ்சும் சேர்ந்திருக்கும், ஆட்டக்காரன் பிறந்த ஊரும் இருக்கும். மெடிசின் ஹற், மூஸ் ஜோ என்று நான் வாசிக்க, ‘மருந்துத் தொப்பி’ என்று எவன் ஊருக்குப் பெயர் வைப்பான் என்று அப்பா கேட்டார். புங்குடுதீவுக்காரர் கேட்கக்கூடிய கேள்விதான்.

எங்கள் வீட்டில் அப்போது இரண்டு வகைச் சீட்டு ஓடியது. அம்மாவின் சீட்டில் இருபது பேர், மாதம் 200 டொலர். என் சீட்டு, பொதி ஒரு டொலர். இரண்டிலும் போட்ட காசு ஒரு நாள் பெருத்து வரும் என்பதுதான் நம்பிக்கை. அம்மாவுக்குச் சீட்டுப் பிடிக்கிற தாச்சி ஓடிவிடுவாரோ என்ற பயம் இருந்தது. என் தாச்சிமாருக்கு ஓடவேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர்கள் அமெரிக்காவில் இருந்துகொண்டு அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள்.

1990இல் ஒரே பருவத்தில் அப்பர் டெக், ஸ்கோர், புறோ செற் என்று மூன்று புதுக் கம்பனிகள் இறங்கின. பழைய அட்டைகள் ஆயிரக்கணக்கில் விலைபோகின்றன என்ற கதை அதற்குள் எல்லாப் பள்ளிக்கூட முற்றங்களுக்கும் வந்துவிட்டது. அந்தப் பழைய அட்டைகள் ஏன் விலைபோயின என்று யாரும் யோசிக்கவில்லை. முந்திய தலைமுறைப் பையன்கள் அவற்றைச் சைக்கிள் கம்பிகளில் செருகி மோட்டார் சைக்கிள் சத்தம் எழுப்பினார்கள். சூயிங்கம் கறை பட விட்டார்கள், சுவரில் எறிந்து பந்தயம் ஆடினார்கள். மிஞ்சியதைத் தாய்மார் குப்பையில் போட்டார்கள். அதனால்தான் அவை அருமை. எங்கள் காலத்தில் அச்சடித்த அட்டைகளோ எண்ணிக்கையற்றவை. அவற்றை நாங்கள் எல்லோருமே கையில் எண்ணெய் படாமல், பிளாஸ்டிக் உறைக்குள், வெயில் காட்டாமல் வளர்த்தோம். ஒரு ஊர் முழுக்கத் தக்காளி நட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் தாத்தாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

எரிக் லிண்ட்ரோஸ் என்ற பையன் பெரிய லீக்கில் கால் வைக்குமுன்னரே ஸ்கோர் அவனுக்கு அட்டை அடித்தது. என்னிடம் பதினான்கு இருந்தன. என் பல்கலைக்கழகச் செலவு அதற்குள் இருப்பதாக அப்பாவிடம் சொல்லியிருந்தேன். லிண்ட்ரோஸ் என்னை ஏமாற்றவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நன்றாக விளையாடி 2016இல் ஹொக்கிப் புகழ் மண்டபத்துக்கும் போனார். அட்டைதான் அவரோடு போகவில்லை.

ஆனால் என்னிடம் ஒரு நல்ல அட்டை இருந்தது. 1986-87 ஓ-பீ-ச்சீ, பற்றிக் ருவாவின் முதல் அட்டை. இருபது வயதில் மொன்றியலுக்குக் கிண்ணம் வென்று கொடுத்த கோல்காப்பாளர். வகுப்பில் இருந்த இத்தாலியப் பையன் ஒருவனிடம் வாங்கினேன். விலை நாற்பது அப்பர் டெக் அட்டைகளும், எட்டு மட்டன் றோல்ஸும். றோல்ஸ் நான்கு நாளில் தவணை முறையில் கட்டி முடிக்கப்பட்டது. அந்த நான்கு நாளும் நான் மத்தியானம் பட்டினி.

அட்டையை அப்பாவிடம் காட்டி, “இதுதான் பெட்டியிலேயே விலை கூடினது” என்று சொன்னேன். வாழ்க்கையில் நான் சொன்ன விலை கூடிய வசனமும் அதுதான். அப்பா ஊரில் இடம்பெயர்ந்தபோது பிறப்புச் சாட்சிப் பத்திரங்களைத் தொலைத்து, அவற்றின் பிரதிக்காக இரண்டு வருடம் அலைந்தவர். பெறுமதியான ஒரு காகிதத்தை என்ன செய்யவேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. இரண்டு நாளில் எங்கள் குடிவரவுப் பத்திரங்களோடும் அம்மாவின் தையல் சான்றிதழோடும் பற்றிக் ருவாவும் லமினேற் செய்யப்பட்டு வந்து சேர்ந்தார். நான் அழுதேன். சந்தோசத்தில் அழுகிறான் என்று அப்பா நினைத்தார்.

எல்லோருக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை. 1993 மே மாதத்தில் கிரெட்ஸ்கியின் மட்டை எங்கள் டக் கில்மரின் நாடியைக் கிழித்தது, நடுவர் தண்டனை கொடுக்கவில்லை, அடுத்த ஆட்டத்தில் அதே கிரெட்ஸ்கி மூன்று கோல் போட்டு ரொறன்ரோவை வீட்டுக்கு அனுப்பினார். மறுநாள் அப்பா என் கிரெட்ஸ்கி அட்டைகளை எடுத்து, ஆடுகிற சாப்பாட்டு மேசையின் காலுக்குக் கீழே வைத்தார். மேசை இன்றும் ஆடுவதில்லை. என் சேகரிப்பில் ஏதோ ஒரு பயன் தந்த அட்டைகள் அவை மட்டுமே.

அம்மாவின் அழைப்புக்குப் பிறகு, பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு அட்டைக் கடைக்குப் போனேன். முதலாவதைத் தூக்கிக்கொண்டு கதவைத் தள்ளியபோது, கடைக்காரக் கிழவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எந்த வருடம்?”

“90, 91, 92.”

எழும்பியவர் திரும்ப உட்கார்ந்தார். பெட்டியைத் திறக்கச் சொல்லவே இல்லை. மேசைக்குக் கீழே காட்டினார். அதே 1990 பருவத்துப் பெட்டி ஒன்று, உடைக்கப்படாதது. அதன்மேல்தான் அவர் கால் வைத்திருந்தார்.

ஆனாலும் நல்ல மனிதர். புறோ செற்றில் ஸ்ரான்லி கிண்ணத்தின் ஹொலோகிராம் அட்டை இருக்கிறதா என்று கேட்டார். 5000 மட்டும் அடித்து இலக்கமிட்டது. இல்லை. 1980க்கு முந்தியது ஏதும்? இல்லை. கடைசியில் நான் சட்டைப் பையிலிருந்து பற்றிக் ருவாவை எடுத்து வைத்தேன்.

அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். ஊரில் பத்தர் நகையை உரைத்துப் பார்க்கும்போது வருகிற அதே அமைதி. படம் நடுவில் சரியாக விழுந்திருக்கிறதா, நான்கு மூலையும் கூரா, விளிம்பு பிசிறில்லாமல் இருக்கிறதா, முகத்தில் கீறல் உண்டா. இந்த நான்கையும் பார்த்துத்தான் தரம் போடுகிறவர்கள் பத்துக்குப் புள்ளி கொடுப்பார்கள். பத்துக்கும் ஒன்பதுக்கும் இடையில் ஒரு புள்ளிதான், விலையிலோ ஒரு வீடே இருக்கும். ஒன்பது எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகப் பயந்து வளர்ந்த எனக்கு அந்த முறை புதிதாகத் தோன்றவில்லை.

“மூலைகள் அருமை,” என்றார். “நடுவிலும் சரியாக விழுந்திருக்கிறது.” பிறகு கண்ணாடியைக் கீழே வைத்தார். “ஒட்டுத்தாள் ஒட்டியது பார்த்திருக்கிறேன். ஆணி அடித்தது பார்த்திருக்கிறேன். இதை யார் செய்தது?”

“என் அப்பா.”

“உருக்கி ஒட்டியிருக்கிறார். பிரித்தால் முகமும் சேர்ந்து வரும்.” சற்றுப் பொறுத்து, “கவனமான மனிதர்,” என்றார்.

சும்மா இருந்திருந்தால் எவ்வளவு என்று கேட்டேன். முழுப் புள்ளி கிடைத்தால் ஆயிரக்கணக்கில் போகும் என்றார். இப்போது? புத்தகத்துக்குள் அடையாளம் வைக்க நல்லது என்றார். மற்றப் பெட்டிகளைச் சும்மா எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். தன்னுடைய கால் இரண்டுதான் என்றார்.

அம்மா வாசலிலேயே நின்றார்.

“எவ்வளவு சொன்னவன்?”

சொன்னேன். தயங்கித் தயங்கி லமினேற் கதையையும் சொன்னேன். அம்மா அட்டையை வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“விசரனாக்கும். எவ்வளவு வடிவாக் கிடக்கு! மற்றதெல்லாம் தண்ணி பட்டாச் சரி. கொப்பர் செய்ததைக் கழுவியும் வைக்கலாம்.”

பிறகு சிறிது நேரம் யோசித்தார்.

“ரெஜைனாக்காரர் பெட்டியை உடைக்கேல்லை எண்டெல்லே சொன்னவன்?”

“ஓம்.”

“அதுதான் விசயம். நீ உடைச்சுப் பாத்ததுதான் பிழை.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பேஸ்மென்றுக்கு இறங்கியபோது நான்கு வாழைப்பழப் பெட்டிகளும் நெடுக்கும் குறுக்கும் மண்ணிற ரேப் சுற்றி, ஒரு ஈ போக இடமில்லாமல் மூடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் தடித்த மார்க்கரில், அம்மாவின் கையெழுத்தில், திகதியும் அதற்குக் கீழே ‘உடைக்கப்படாதது’ என்ற ஒரு சொல்லும் இருந்தன.