பேசலாம், பாடக் கூடாது

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் காலை உரையைத் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் நான் தரையில் கிடப்பேன். அவர் பேச்சில் மயங்கி விழுந்த ஒரே மாணவன் நான்தான். ஆடாமல் அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும் என்பது அப்போது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

58 வயதில் டாக்டரம்மா, "நடங்க சார்" என்றார். மெரினாவில் காந்தி சிலையிலிருந்து உழைப்பாளர் சிலை வரை நடை. நான்காம் நாள், எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், போனில் பேசிக்கொண்டே என்னை முந்தினார். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஓடினேன், முந்தினேன், வெற்றிக்களிப்பில் அருகம்புல் சாறு விற்பவர் முன் சடாரென்று நின்றேன். கடல் மேலே போனது, வானம் கீழே வந்தது.

கண் விழித்தால் சுற்றிலும் ஏழெட்டு நிபுணர்கள். ஒருவர் முகத்தில் சோடா அடித்தார். இன்னொருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். அது வலிப்புக்காம், வலிப்புக்கும் அதனால் பயனில்லை என்பது வேறு விஷயம். மற்ற இருவர் என்னைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள். படுத்துக் கிடப்பதுதான் வைத்தியம் என்று அங்கே என் உடம்புக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அது மறுபடி விழுந்தது.

டாக்டரம்மா படுக்கவைத்து பி.பி. பார்த்தார், நிற்கவைத்துப் பார்த்தார். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 இறங்கினாலே கவனிக்க வேண்டுமாம். எனக்கு 24. "கெண்டைக்கால் தசைதான் சார் ரத்தத்தை மேல ஏத்துற மோட்டார். ஓடிட்டு டக்குனு நின்னா மோட்டார் ஆஃப். அஞ்சு நிமிஷமாவது மெதுவா நடந்துட்டு நில்லுங்க. காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"காபி."

"தண்ணி?"

"காபியிலேயே இருக்குமே."

என் பி.பி. மாத்திரையின் அளவை மாற்றி எழுதினார். 220இல் வயதைக் கழித்தால் 162, நாடி அதுவரை போகலாமே என்று படித்ததை எடுத்துவிட்டேன். "அது ஊருக்கெல்லாம் பொதுவான கணக்கு. உங்களுக்கு இது போதும்: நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. பேசவே மூச்சு வாங்கினா வேகத்தைக் குறைங்க."

"இவரால பேச முடியாத வேகம் ஒண்ணு இருக்கா டாக்டர்?" என்றாள் மனைவி.

அன்றிலிருந்து பரிசோதகர் அவள்தான். பக்கத்தில் நடந்துகொண்டே, "போன மாசச் சீட்டுப் பணம் என்னாச்சு?" என்பாள். நான் வாயைத் திறக்காவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள். சில நாள் வேகம் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் பதில் வராது.

வீட்டில் சூரிய நமஸ்காரத்தையும் விடவில்லை. குனிந்து நிமிர்ந்த மூன்றாவது சுற்றில் சூரியன் இரண்டாகத் தெரிந்ததால், இப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சூரியனும் அவசரப்படுத்துவதில்லை.

கண்ணகி சிலைப் பக்கம் காலை ஆறரை மணிக்கு ஒருவர் தரையில் படுத்து, காலைத் தூக்கி பெஞ்சின்மேல் வைத்திருந்தால் அது அநேகமாக நான்தான். தயவுசெய்து தூக்கி நிறுத்தாதீர்கள். ஏதாவது கேளுங்கள். பேசினால் விட்டுவிட்டுப் போங்கள். நெஞ்சு வலி என்று சொன்னாலோ, பதிலே வராவிட்டாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சீட்டுப் பணத்தைப் பற்றி மட்டும் கேட்க வேண்டாம்.